சின்னக் கல்லூரியில் சின்னச் சொராரிட்டி: ஆள் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாற்பது கப்கேக் வாங்கி வைத்திருந்தோம். மாணவர் மையத்தின் மாடி அறை. மேசைக்கு மேசை வெள்ளைத் துணி, சுவரில் எங்கள் சொராரிட்டியின் பெயரான கிரேக்க எழுத்துகள். சொராரிட்டி என்றால் அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் சேரும் தோழமைச் சங்கம். ஒரு கல்லூரியில் இருக்கும் அதன் கிளைதான் சாப்டர். சாப்டரில் அப்போது இருந்ததே பதினோரு பெண்கள்தான். பதினோரு பேரும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வாசலையே பார்த்து நின்றார்கள். வந்தவர்கள் மூன்று பேர். அவர்களைப் பதினோரு பேர் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு கேள்வி கேட்டதில், இருபது நிமிடத்தில் "ஹோம்வொர்க் இருக்கிறது" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். மீந்த கப்கேக்கைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சாப்டர் தலைவி என்னிடம் கேட்டாள்: "எங்களிடம் என்ன குறை?"

அமெரிக்க மிட்வெஸ்ட்டில் ஒரு சின்னக் கல்லூரி. அந்தச் சாப்டருக்கு நான் ஆலோசகராகப் பொறுப்பேற்ற முதல் வருஷம் அது. அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பெண்களிடம் ஒரு குறையும் இல்லை, முப்பதாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகத்துக்கென்று வகுத்த முறையை ஆயிரத்து ஐந்நூறு பேர் படிக்கும் இடத்தில் அப்படியே செய்துகொண்டிருந்தோம் என்பது புரிய எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. நீங்கள் ஒரு சின்னச் சாப்டரின் சேர்க்கைப் பொறுப்பாளராக இருந்தாலும், என்னைப் போல ஆலோசகராக இருந்தாலும், அந்த இரண்டு வருஷம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னணி

கமலா ஹாரிஸ் 2020 தேர்தலில் நின்றபோது 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்ற பெயர் நம் வீடுகளிலும் அடிபட்டது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சேர்ந்த சொராரிட்டி அது. 1908-இல் அதே ஹோவர்டில்தான் அது பிறந்தது. கறுப்பினப் பெண்களின் அந்த மரபில் ஆள் சேர்ப்பதை 'இன்டேக்' என்பார்கள். அதன் விதிகளே வேறு. தெற்காசியப் பெண்களுக்காக 1998-இல் தொடங்கிய கப்பா ஃபை காமா, டெல்டா ஃபை ஒமேகா, சிக்மா சிக்மா ரோ ஆகியவற்றுக்கும் தனித்தனி முறைகள் உண்டு. நீங்கள் அவற்றில் இருந்தால் உங்கள் தலைமையகம் சொல்வதே சட்டம். கீழே நான் சொல்வது நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸைச் சேர்ந்த சாப்டர்களுக்கு. என்.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தக் கூட்டமைப்பு 1902-இல் உருவானது. 26 சொராரிட்டிகள் அதில் இருக்கின்றன.

இன்னொரு விஷயத்தையும் உங்கள் பெண்களுக்குச் சொல்லுங்கள். 2021-இல் அலபாமா பல்கலைக்கழகத்து 'ரஷ்' எனப்படும் சேர்க்கை வார வீடியோக்கள் டிக்டாக்கில் பரவியதிலிருந்து, சொராரிட்டி என்றாலே மாளிகை போன்ற வீடும் வாசலில் நூற்றுக்கணக்கான பெண்கள் கைதட்டிப் பாடுவதும்தான் என்று ஆகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பன்னிரண்டு பேரைப் பார்க்கும்போது சின்னச் சாப்டர் பெண்களுக்கு மனம் சுருங்குகிறது. ஆனால் பை பீட்டா ஃபை 1867-இல் தொடங்கியபோது அதில் இருந்தவர்களும் பன்னிரண்டு பேர்தான். இடம், இல்லினாய் மாநிலத்தின் மான்மத் என்ற சிற்றூர்க் கல்லூரி. மூன்று வருஷம் கழித்து அதே கல்லூரியில் கப்பா கப்பா காமா பிறந்தது. அதே 1870-இல் இண்டியானாவின் கிரீன்காசிலில் நான்கு பெண்கள் கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினார்கள். சின்ன ஊரும் சின்னக் கல்லூரியும்தான் இந்த மரபின் பிறந்த வீடு.

படி 1: கணக்கைப் போடுங்கள்

முதலில் வளாகத்துச் சொராரிட்டிகள் சேர்ந்து நடத்தும் பான்ஹெலனிக் குழுவிடமும் கல்லூரியின் மாணவர் நல அலுவலகத்திடமும் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று 'டோட்டல்'. ஒரு சாப்டரில் அதிகபட்சம் எத்தனை பேர் இருக்கலாம் என்று அந்த வளாகத்துக்கென வைத்திருக்கும் எண் அது. எல்லாச் சாப்டர்களின் அளவையும் வைத்து, சராசரி போன்ற ஒரு கணக்கில் அதைத் தீர்மானிப்பார்கள். மற்றொன்று 'கோட்டா'. முறையான சேர்க்கை வாரத்தில் ஒவ்வொரு சாப்டரும் எத்தனை பேரை எடுக்கலாம் என்ற எண்.

உங்கள் சாப்டர் டோட்டலுக்குக் கீழே இருந்தால் உங்கள் கையில் ஒரு பெரிய உரிமை இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. அதன் பெயர் 'கன்டின்யுவஸ் ஓப்பன் பிடிங்', பேச்சு வழக்கில் சி.ஓ.பி. சேர்க்கை வாரம் முடிந்த பிறகும், கல்வியாண்டு நடக்கும்போது, டோட்டலை எட்டும்வரை நீங்கள் நேரடியாக அழைப்புக் கொடுக்கலாம். அந்த அழைப்பைத்தான் 'பிட்' என்கிறோம். சேர்க்கை வாரத்தில் கடைசியாக மிஞ்சியவர்களுக்கு வைத்த வழி என்று சி.ஓ.பி.யை நினைத்துக் கூச்சப்படும் சாப்டர்களைப் பார்த்திருக்கிறேன். சின்ன வளாகத்தில் சி.ஓ.பி.தான் முதன்மை வழி. சேர்க்கை வாரத்தை அதற்கு ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. டோட்டல் 28. உங்களிடம் இருப்பவர்கள் 14. மே மாதம் 5 பேர் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். கையில் 9. ஒரே வாரத்தில் 19 பேரைப் பிடிக்க வேண்டும் என்று பார்த்தால் தூக்கம் வராது. குளிர்காலப் பருவத்தில் 6, இலையுதிர் காலத்தில் 8, அதற்கடுத்த வசந்தத்தில் 5 என்று பிரித்தால், மாதத்துக்கு இரண்டு பேரைத் தாண்டாது. இந்தத் தாளை எழுதி, பெண்கள் கூடும் அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

வளாகத்தில் இரண்டோ மூன்றோ சாப்டர்கள்தான் இருந்தால், பல சுற்று விருந்தும் கணினிப் பொருத்தமும் உள்ள முழு வடிவச் சேர்க்கை தேவையா என்று பான்ஹெலனிக் கூட்டத்தில் கேளுங்கள். இலகுவான வடிவங்களுக்கும் என்.பி.சி. விதிகளில் இடம் உண்டு. எல்லாச் சாப்டர்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது. அதனால் முதல் வேலையாகப் பக்கத்துச் சாப்டரின் தலைவியோடு உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிடுங்கள்.

படி 2: இருப்பவர்கள் ஏன் போகிறார்கள்?

இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். கடந்த இரண்டு வருஷத்தில் சாப்டரை விட்டு விலகியவர்களின் பெயரை எழுதி, யார் எந்தக் காரணத்தால் போனார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். எங்கள் பட்டியலில் ஏழு பெயர். நான்கு பேர் போனதற்குக் காரணம் பணம். இரண்டு பேர், பதினோரு பேர் செய்ய வேண்டிய வேலையைத் தங்கள் தலையில் மட்டும் போட்டுக்கொண்டு களைத்துப் போனவர்கள். ஒருத்தி மட்டும் சண்டை போட்டுக்கொண்டு போனாள்.

நாற்பது பேர் சாப்டருக்கென்று வகுத்த பதவிகளைப் பதினோரு பேர் சுமந்தால் இதுதான் நடக்கும். எந்தப் பதவிகளைச் சேர்க்கலாம் என்று தலைமையகத்திடம் கேளுங்கள். வாரத்துக்கு மூன்று கட்டாய நிகழ்ச்சி என்றால் ஒன்றாக்குங்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. அதோடு, களைத்த முகத்தோடு ஒரு பெண் "எங்களோடு சேர்" என்று கூப்பிட்டால் எதிரே இருப்பவளுக்கு முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

படி 3: பெயர் நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

ஒரு நோட்டு, இல்லை ஒரு கூகுள் ஷீட். ஒவ்வோர் உறுப்பினரும் சொராரிட்டியில் சேராத ஐந்து பெண்களின் பெயரை எழுத வேண்டும். முதலில் "எனக்கு யாரையும் தெரியாது" என்பார்கள். அப்போது நினைவைத் தூண்டும் கேள்வி கேட்க வேண்டும். ஆய்வகத்தில் உன் பக்கத்தில் நிற்பவள் யார்? உன் விடுதித் தளத்தில் எல்லாரும் உதவி கேட்டுப் போகும் அறை யாருடையது? நூலகக் கவுன்டரில் வேலை பார்க்கிறாளே, அவள் பெயர் என்ன? சாக்கர் அணியில் இந்த வருஷம் காயம் பட்டு உட்கார்ந்திருப்பவள்? வேறு கல்லூரியிலிருந்து நடுவில் மாறி வந்தவள்? இப்படிக் கேட்கக் கேட்க, பதினோரு பேரிடமிருந்து ஒரே மாலையில் அறுபத்திரண்டு பெயர் வந்தது. நாற்பது கப்கேக்குக்கு மூன்று பேர் வந்த அதே வளாகத்தில்தான்.

சின்ன வளாகத்தின் பலம் இதில் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பெண்கள்தான் சேர்க்கையின் மையம். சின்னக் கல்லூரியில் முதலாண்டுப் பெண்களே இருநூறைச் சுற்றித்தான் இருப்பார்கள். அவர்களை மட்டும் நம்பினால் மூன்று சாப்டரும் ஒரே குளத்தில் வலை வீச வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பெண்களை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். முதல் வருஷம் வீட்டு நினைப்பிலும் பாடச் சுமையிலும் போயிருக்கும். இரண்டாம் வருஷம் ஒரு தோழி கல்லூரி மாறிப் போயிருப்பாள், இன்னொருத்தி வேறு அறைக்குப் போயிருப்பாள். ஒரு கூட்டத்தில் சேர வேண்டும் என்ற ஏக்கம் அப்போதுதான் வரும். எங்களோடு சேர்ந்தவர்களில் கடைசிவரை நின்றவர்கள் பெரும்பாலும் இரண்டாமாண்டில் வந்தவர்கள்.

நோட்டில் நான்கு பத்தி போதும்: பெயர், யாருக்குத் தெரிந்தவள், கடைசியாக எப்போது பேசினோம், அடுத்து என்ன. தோற்றத்தைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ மதிப்பெண் போடுவதற்கு அதில் இடமே வைக்காதீர்கள். எழுதப்பட்டவள் ஒருநாள் அந்த நோட்டைப் படிப்பாள், படித்தால் அவளுக்குச் சந்தோஷம்தான் வர வேண்டும் என்று நினைத்து எழுதுங்கள்.

படி 4: பேச்சு

நோட்டில் பெயர் ஏறியதும் உடனே நிகழ்ச்சிக்கு அழைக்காதீர்கள். முதலில் பழக வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. பெண்கள் பேசத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் கிரேக்க எழுத்துச் சட்டையைப் போட்டதும் விற்பனைக்காரி குரல் வந்துவிடுகிறது.

எங்கள் சாப்டரில் நர்சிங் படிக்கும் ஒருத்தி செய்ததைச் சொல்கிறேன். அவளோடு கிளினிக்கல் பயிற்சிக்குப் போகும் ஒரு பெண், வியாழக்கிழமை அதிகாலை ஐந்தரைக்குப் பேருந்துக்காகத் தனியாக நிற்பாள். நம்மவள் மூன்று வாரம் அவள் பக்கத்தில் நின்று பேசினாள். சொராரிட்டி என்ற சொல்லையே எடுக்கவில்லை. அம்மா எங்கே, எதற்கு நர்சிங், எந்தப் பேராசிரியர் கடுமை, எந்த ஷூ போட்டால் கால் வலிக்காது. நான்காவது வாரம் அந்தப் பெண்ணே கேட்டாள்: "உன் பையில் இருக்கும் அந்த எழுத்து என்ன?" அப்போதும் நம்மவள் பிரசங்கம் செய்யவில்லை. "போன வருஷம் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது என்னை நான்கு மணி நேரம் கார் ஓட்டி ஊருக்குக் கொண்டுபோனவர்கள்" என்றாள். அவ்வளவுதான்.

பயிற்சிக்கு ஒரு எளிய வழி. வாராந்தரக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். "நான் ஏன் இங்கே இருக்கிறேன்" என்பதற்கு ஒவ்வொருத்தியும் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 'சகோதரத்துவம்', 'தலைமைப் பண்பு', 'இரண்டாவது வீடு' என்ற சொற்களுக்குத் தடை. எல்லாச் சொராரிட்டியும் இதே மூன்றைத்தான் சொல்கின்றன. நடந்த சம்பவம் என்றால் அது உங்களுடையது மட்டுமே.

"நீங்கள் எத்தனை பேர்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு மன்னிப்புக் கேட்கும் குரலில் பதில் சொல்லக் கூடாது. "பதினான்கு பேர். வந்த முதல் வருஷமே உனக்கு ஒரு பொறுப்புக் கிடைக்கும், எல்லாருக்கும் உன் பெயர் தெரிந்திருக்கும்" என்று நேராகச் சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

படி 5: சின்ன நிகழ்ச்சிகள்

பெரிய அறையில் பத்துப் பேர் இருந்தால் காலியாகத் தெரியும். சின்ன அறையில் அதே பத்துப் பேர் இருந்தால் கூட்டம். எனவே இடத்தைச் சுருக்குங்கள். உணவகத்தில் ஒரு மேசை, விடுதியின் பொதுச் சமையலறையில் பான்கேக், தேர்வு வாரத்தில் நூலகத்தின் ஒரு மூலை. இரண்டு விருந்தினருக்கு மூன்று உறுப்பினர், அதற்கு மேல் வேண்டாம். மற்றவர்கள் அன்றைக்கு வீட்டுப்பாடம் செய்யட்டும்.

சாப்டரின் சேவைப் பணியையும் இப்படிப் பயன்படுத்தலாம். டெல்டா காமா பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உழைக்கிறது, கப்பா டெல்டா குழந்தைகள் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் பணியில் இருக்கிறது. உங்களுக்கும் ஒன்று இருக்கும். நன்கொடை மேசையில் இரண்டு மணி நேரம் சேர்ந்து உட்காரக் கூப்பிடுங்கள். கை வேலை செய்யும்போது வாய் தானாகப் பேசும், கூச்ச சுபாவம் உள்ள பெண்களுக்கு விருந்தைவிட இதுவே எளிது.

படி 6: கேட்பது

கல்யாணத்துக்கு நம் வீடுகளில் எப்படி அழைக்கிறோம்? வாட்ஸ்அப்பில் பத்திரிகை வந்தால் "பார்ப்போம்" என்கிறோம். வீட்டுக்கு வந்து, தட்டில் வைத்துக் கொடுத்து, "கட்டாயம் வரணும்" என்று சொன்னவர் வீட்டுக் கல்யாணத்துக்கு லீவு போட்டாவது போகிறோம். சேர்க்கையும் அதேதான். சுவரொட்டியும் இன்ஸ்டாகிராம் பதிவும் வாட்ஸ்அப் பத்திரிகை மாதிரி. அவை இருக்கட்டும், ஆனால் அவற்றால் ஆள் வராது.

பழகிய பெண்ணிடம், அவளை நன்றாகத் தெரிந்த ஒருத்தி, நேருக்கு நேர் கேட்க வேண்டும். "எங்களோடு சேர்வதைப் பற்றி யோசிக்கிறாயா? உன்னைக் கேட்பதற்குக் காரணம் இது" என்று சொல்லி, அந்தப் பெண்ணைப் பற்றித் தான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். "நீ ரொம்ப நல்லவள்" என்பது காரணம் ஆகாது. "ஆய்வகத்தில் அந்தப் புதுப் பெண் தடுமாறியபோது நீ உன் வேலையை விட்டுவிட்டுப் போனாயே" என்பது காரணம்.

ஓர் எச்சரிக்கை. சாப்டர் வாக்களித்து முடிவு செய்வதற்கு முன் "உனக்கு பிட் நிச்சயம்" என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அது விதிமீறல், பின்னால் மனக்கசப்பும் வரும். நீங்கள் கேட்பது ஆர்வம் இருக்கிறதா என்று மட்டும்.

அவள் "இல்லை" என்றால் சிரித்துக்கொண்டே "சரி, வியாழக்கிழமை பேருந்தில் பார்ப்போம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி பாருங்கள். சின்ன வளாகத்தில் இன்னும் மூன்று வருஷம் அவளை தினமும் பார்க்கப்போகிறீர்கள். மறுத்தவளிடம் பேச்சை நிறுத்திய சாப்டரைப் பற்றி ஒரு வாரத்தில் வளாகம் முழுக்கத் தெரிந்துவிடும். "இல்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்த பருவத்தில் தானே வந்து கேட்டவர்களும் உண்டு.

எங்கள் நோட்டில் பத்துப் பெயருக்கு ஐந்தாறு பேரோடுதான் பழக்கம் வளர்ந்தது, மூன்று பேர் ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்கு வந்தார்கள், ஒருத்தி சேர்ந்தாள், சில சமயம் இருவர். இந்த விகிதம் தெரிந்திருந்தால் ஒவ்வொரு மறுப்புக்கும் மனம் உடையாது.

பணம், நேரம், வீடு

கட்டணத்தை மறைக்காதீர்கள். ஒரு பருவத்துக்கு எவ்வளவு, முதல் வருஷம் மட்டும் வரும் கூடுதல் கட்டணம் எவ்வளவு, தவணை உண்டா என்று ஒரே தாளில் எழுதி, பிட் கொடுப்பதற்கு முன்பே கையில் கொடுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும் அதில் இருக்கட்டும். எங்களை விட்டுப் போன நால்வருக்கும் யாராவது முன்கூட்டியே இதைச் சொல்லியிருந்தால், இரண்டு பேராவது தவணை கேட்டு வாங்கிக்கொண்டு தங்கியிருப்பார்கள்.

கையெழுத்தின் பொருளையும் விளக்குங்கள். என்.பி.சி. சாப்டர் ஒன்றின் பிட்டை ஏற்றுக் கையெழுத்திட்டால் அது அவளைக் கட்டும். பிறகு மனம் மாறினால், அதே வளாகத்தின் வேறு என்.பி.சி. சாப்டரில் சேர அடுத்த முறையான சேர்க்கை வாரம் வரை காத்திருக்க வேண்டும். முழு உறுப்பினராகச் சடங்கு முடிந்துவிட்டால் இன்னொரு என்.பி.சி. சொராரிட்டியில் சேரவே முடியாது. அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்குவது துரோகம்.

வீட்டில் பெற்றோர் தயங்குவார்கள், நம் தமிழ்ப் பெற்றோர் கொஞ்சம் அதிகமாகவே. "குடிப்பார்களாமே, ராகிங் செய்வார்களாமே" என்பதுதான் முதல் கேள்வி. சேர்க்கை நிகழ்ச்சிகளில் மது கூடாது என்பது விதி. ராகிங்கை இங்கே 'ஹேசிங்' என்பார்கள். அதைப் பற்றிய தகவலைக் கல்லூரிகள் வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டமே வந்துவிட்டது. உங்கள் கல்லூரியின் அறிக்கை எங்கே கிடைக்கும் என்று நீங்களே பெற்றோருக்குக் காட்டுங்கள். உங்கள் சாப்டரில் "சும்மா விளையாட்டுக்கு" என்று ஏதாவது மிச்சம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். அதை வைத்துக்கொண்டு ஆள் சேர்க்க உங்களுக்கு உரிமை இல்லை.

பக்கத்துச் சாப்டரைப் பற்றி ஒரு சொல்கூடத் தாழ்த்திப் பேசாதீர்கள். இரண்டே சாப்டர் உள்ள வளாகத்தில் ஒன்று சாய்ந்தால் மற்றொன்றும் தள்ளாடும்.

சேர்ந்த பிறகு ஆறு வாரம்

பிட் கொடுக்கும் நாளான 'பிட் டே' அன்று பலூனும் பாட்டும் இருக்கும். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் முக்கியம். அன்று அவள் உணவகத்தில் தட்டோடு நின்று எந்த மேசைக்குப் போவது என்று பார்க்கிறாள். யாராவது கை காட்டி அழைக்க வேண்டும். முதல் ஆறு வாரமும் வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் வேறொரு உறுப்பினர் அவளோடு தனியாகச் சாப்பிட வேண்டும் என்று அட்டவணை போட்டோம். சி.ஓ.பி.யில் தனியாகச் சேர்பவளுக்கு இது இன்னும் அவசியம், கூடவே சேர்ந்த தோழிகள் அவளுக்கு இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வாரத்திலேயே அவள் கையில் நோட்டைக் கொடுத்து ஐந்து பெயர் எழுதச் சொல்லுங்கள். சாப்டருக்குத் தெரியாத ஐந்து பேரை அவளுக்குத்தான் தெரியும்.

வருஷ அட்டவணை

ஆகஸ்ட், செப்டம்பரில் மன்றங்களின் கண்காட்சி வரும். அன்றைக்குத் துண்டறிக்கை கொடுப்பதைவிடப் பெயர் வாங்குங்கள், வாங்கிய பெயருக்கு இரண்டு நாளுக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள். அக்டோபர், நவம்பர் பழகும் காலம். ஜனவரியை விட்டுவிடாதீர்கள். விடுமுறை முடிந்து திரும்பும் பெண்களில் பலர், முதல் பருவத்தில் தனக்கென்று யாரும் அமையவில்லை என்ற நினைப்போடு வருவார்கள். எங்களுக்கு அதிகம் பேர் சேர்ந்ததும் பிப்ரவரியில்தான். ஏப்ரலில் அடுத்த சேர்க்கைப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, பழையவளும் புதியவளும் ஒரு மாதம் சேர்ந்து வேலை செய்யட்டும்.

மே மாதம், பட்டமளிப்புக்கு முந்தைய வாரம், விடைபெறும் ஒவ்வொருத்தியும் நோட்டில் தன் பெயருக்கு நேரே இருக்கும் பெண்களை ஒரு இளையவளிடம் ஒப்படைக்க வேண்டும். பெயரைக் காட்டினால் மட்டும் போதாது. கூட்டிக்கொண்டு போய், மூன்று பேருமாக உட்கார்ந்து, ஒரு காபி குடித்து அறிமுகம் செய்துவைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.